பம்பை மாற்றுவதற்கு முன்னால்: வீட்டு எஸ்பிரெசோ மெஷின் மக்கர் செய்தால் என்ன பார்க்க வேண்டும்?

கொழிஞ்சாம்பாறையில் இருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். துபாயில் இருந்து மாமா ஒரு எஸ்பிரெசோ மெஷின் கொண்டு வந்து கொடுத்தார். முதல் சில மாதம் அருமையாக ஓடியது. இப்போது காபி சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. சில நாள் பம்ப் சத்தம் மட்டும் கேட்கிறது, தண்ணீரே வருவதில்லை. வந்தாலும் காபி புளிக்கிறது. பாலில் நுரை எழும்பவில்லை. கைப்பிடி மாட்டும் இடத்தில் ஓரமாக ஒழுகுகிறது. பாலக்காட்டில் காட்டியதற்கு "பம்ப் போயிடுச்சு, மாத்தணும்" என்றார்களாம். மாற்றிவிடலாமா அண்ணா, என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம், தம்பி. பம்ப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டுதான். ஆனால் நீங்கள் சொன்ன இத்தனை கோளாறும் ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பம்ப் கெட்டால் பால் நுரை ஏன் குறைய வேண்டும்? நீராவியைத் தள்ளுவது பம்ப் இல்லை, கொதிகலனின் சூடு. ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்தில், வேலந்தாவளம் முதல் கோபாலபுரம் வரை, அந்தக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதற்கு அடுத்தது காபித்தூள். மெஷினின் சொந்தக் கோளாறு இவை இரண்டுக்கும் பிறகுதான் வரும்.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. தூள் போட்டு மாட்டுகிற கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, தூள் எதுவும் இல்லாமல் காபி பட்டனை அழுத்துங்கள். மேலே இருக்கிற ஷவர் சல்லடையில் இருந்து தண்ணீர் தாராளமாகக் கொட்டினால் பம்ப் நன்றாக இருக்கிறது, அடைப்பு தூளிலோ, கைப்பிடிக்குள் தூளைத் தாங்கும் சல்லடைக் கிண்ணமான பாஸ்கெட்டிலோதான். அங்கே வராமல், நீராவிக் குழாயைத் திறந்து பம்பை ஓட்டும்போது அதன் வழியாகத் தண்ணீர் வந்தால், பம்ப் தள்ளுகிறது, கைப்பிடி மாட்டும் இடமான குரூப் ஹெட் பக்கம்தான் அடைத்திருக்கிறது. இரண்டிலும் வரவில்லை என்றால் மட்டும் தொட்டி, காற்றடைப்பு, உள்ளே உப்புப் படிவு, பம்ப் என்ற வரிசையில் போக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாராவது பம்ப் போய்விட்டது என்று சொன்னால் அது ஊகம்தான்.

காற்றடைப்பு மிகச் சாதாரணமானது. தொட்டி காலியாக இருக்கும்போது ஒருமுறை பம்ப் ஓடினால் போதும், காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் இருப்பது அதிர்வு பம்ப். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அடிக்கும் சின்ன பிஸ்டன் அது. தண்ணீரை நன்றாகத் தள்ளும், காற்றைத் தள்ள அதற்குத் தெம்பு போதாது. அதனால்தான் கடகடவென்று சத்தம் மட்டும் வரும். தொட்டியை நிரப்பி, கழற்றி ஒருமுறை அழுத்தமாக உட்கார வையுங்கள். அடியில் இருக்கும் வால்வு சரியாகத் திறக்காமல் இருந்தாலும் இதே சத்தம்தான். பிறகு நீராவிக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அரை நிமிடம் ஓட்டுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஓட்டுங்கள். இடைவெளி விடாமல் ஓட்டினால் பம்ப் சூடேறி உண்மையிலேயே கெட்டுவிடும். தண்ணீர் பிடித்ததும் சத்தம் சட்டென்று அடங்கிக் கனமாகும். அந்த மாற்றம் காதுக்கே தெரியும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குளியலறைக் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிந்து கல்லாகப் படியும். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் அதிகம் படியும். எஸ்பிரெசோ மெஷினில் அது கொதிகலனின் உள்சுவரும் ஹீட்டரும். கால் அங்குலம்கூட இல்லாத குழாய்கள், ஊசிமுனை அளவு வால்வுகள் வழியாகத்தான் மொத்தத் தண்ணீரும் போயாக வேண்டும் என்பதால், லேசான படிவே வேலையைக் காட்டிவிடும். ஓட்டம் குறையும். ஹீட்டருக்கும் தண்ணீருக்கும் நடுவில் கல் இருப்பதால் காபிக்கு வேண்டிய சூடு வராது, காபி புளிக்கும். நீராவியும் பலவீனமாகும், பால் நுரைக்காது. நீங்கள் எழுதியதில் மூன்று புகார்களுக்கு இது ஒன்றே பதில்.

இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. குடிக்க அது சரி. எஸ்பிரெசோ மெஷினுக்கு 50 முதல் 100க்குள் இருந்தால்தான் நிம்மதி. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும் டி.டி.எஸ். பேனா வைத்திருப்பவர்கள் அந்த எண்ணையே கடினத்தன்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. சாதாரண உப்பு கரைந்திருந்தாலும் பேனா ஏறும், ஆனால் சாதாரண உப்பு கல்லாகப் படியாது. மீன்தொட்டிக் கடைகளில் சொட்டு மருந்து போலக் கடினத்தன்மை பார்க்கிற கிட் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டு எலெக்ட்ரிக் கெட்டிலின் அடியைப் பாருங்கள். ஒரு மாதத்தில் அங்கே வெள்ளைத் தகடு கட்டுகிறது என்றால் மெஷினுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. கெட்டிலில் கண்ணுக்குத் தெரிகிறது, மெஷினில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் முழு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிடலாமா? அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தாது எதுவும் இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். உலோகத்தையும் மெதுவாக அரிக்கும். கொதிகலனில் தண்ணீர் மட்டத்தை மின்கம்பியால் உணரும் மெஷின்கள், தாதுவே இல்லாத தண்ணீரைத் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாமல் போவதும் உண்டு. கலந்து ஊற்றுவதுதான் வழி. உங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை 500 என்று வையுங்கள். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு ஐந்து பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்தால் 80 சொச்சத்துக்கு வந்துவிடும். ஒரு பாட்டிலில் கலந்து மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் தினமும் யோசிக்க வேண்டியதில்லை. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற அளவுக்கு இருந்தால் மட்டும் அதைக் கலக்காமல், தாது சேர்க்கும் வசதியுள்ள ஆர்.ஓ.வையே பயன்படுத்துங்கள். நம் மாவட்டத்தில் உற்பத்தியாகும் சிறுவாணி, கோயம்புத்தூர் வீடுகளின் குழாயில் மெல்லிய தண்ணீராக வந்து சேர்கிறது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் இதே மெஷினுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

ஏற்கெனவே படிந்ததை எடுக்க சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம். வினிகர் வேண்டாம், வாசம் ரப்பரில் ஏறி உட்கார்ந்துவிடும். உங்கள் மெஷினின் கொதிகலன் அலுமினியமா, ஸ்டீலா என்று முதலில் கையேட்டில் பாருங்கள். அலுமினியத்தை அமிலம் அரிக்கும் என்பதால், அதற்கு மெஷின் கம்பெனியே சொல்லும் படிவு நீக்கும் டீஸ்கேல் மருந்தை, அவர்கள் சொன்ன நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு. கலவையைத் தொட்டியில் ஊற்றி, குரூப் ஹெட் வழியாகக் கொஞ்சம், நீராவிக் குழாய் வழியாகக் கொஞ்சம் எடுத்துவிட்டு, மெஷினை அணைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். மறுபடி கொஞ்சம் எடுங்கள். இப்படித் தொட்டி காலியாகும் வரை செய்து, பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரை ஓட்டிக் கழுவுங்கள். பழைய படிவு நிறைய இருந்தால் கலங்கலாக, மணல் மாதிரித் துணுக்குகளோடு வரும். அந்தத் துணுக்கு ஒன்று வால்வில் மாட்டிக்கொண்டால், சுத்தம் செய்த பிறகு இருந்த ஓட்டமும் நின்றுவிடும். பயப்பட வேண்டாம். ஷவர் சல்லடையைக் கழற்றிக் கழுவி, மறுபடி லேசான கலவையை ஓட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். இதனால்தான் வருடக்கணக்கில் படிந்ததைக் கடுமையான கலவையால் ஒரே நாளில் எடுக்கப் பார்க்கக் கூடாது. லேசாக, சில நாள் இடைவெளியில், இரண்டு மூன்று முறை செய்வது நல்லது.

அடுத்தது தூள். நீங்கள் என்ன தூள் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. வீட்டில் டிகாக்‌ஷனுக்கு வாங்குகிற தூளைத்தான் போடுகிறீர்கள் என்றால், அதில் சிக்கரி இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சட்டப்படி காபி 51 சதவீதம் இருந்தால் போதும், மீதி சிக்கரியாக இருக்கலாம். ஃபில்டரில் சிக்கரி நன்றாகத்தான் வேலை செய்யும். அங்கே தண்ணீர் தன் எடையிலேயே ஆற அமர இறங்குகிறது. எஸ்பிரெசோவில் 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் தண்ணீர் ஊடுருவ வேண்டும். சிக்கரி ஊறிக் குழைந்து, தூளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை அடைத்துவிடும். பிசின் மாதிரிப் பாஸ்கெட் துளைகளில் ஒட்டும். எனக்கு ஃபில்டர் காபியில் சிக்கரி பிடிக்கும், ஆனால் இந்த மெஷினுக்குள் அது போகவே கூடாது.

பாஸ்கெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் நூற்றுக்கணக்கான துளைகள் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர் பாஸ்கெட். உள்ளே நிறையத் துளைகள் இருந்தும் வெளியே நடுவில் ஒரே ஒரு துளை மட்டும் இருந்தால் அது இரட்டைச் சுவர். சின்ன மெஷின்களோடு பெரும்பாலும் இரட்டைச் சுவர்தான் வரும். அந்த ஒற்றைத் துளை குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். அழுத்தத்தை உண்டாக்குவது தூள் இல்லை, அந்தத் துளைதான். பொடியாக அரைத்த தூளோ சிக்கரியோ அதில் மாட்டினால் காபி சொட்டுத்தான் போடும். வெந்நீரில் ஊற வைத்து, குண்டூசியால் வெளியில் இருந்து குத்தி, குழாயடியில் பிடித்தால், துளை வழியாகத் தண்ணீர் நூல் போல நேராகப் பீய்ச்ச வேண்டும். கோணலாகவோ சிதறியோ வந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

இரட்டைச் சுவருக்கு ஃபில்டர் தூளின் பருமனே போதும். ஒற்றைச் சுவருக்கு அதைவிடப் பொடியாக வேண்டும், அதையும் வீட்டிலேயே, காபி போடும் முன் அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் ரவை. தண்ணீர் ரவை இருக்கும் இடமாகப் பார்த்து ஓடிவிடும். அதே ஒரு கோப்பையில் புளிப்பும் இருக்கும், கசப்பும் இருக்கும். இருக்கிற பணத்தில் மெஷினை மாற்றுவதா, கொட்டையைச் சீராக அரைக்கும் பர் கிரைண்டர் வாங்குவதா என்று யார் கேட்டாலும் கிரைண்டர் என்றுதான் சொல்வேன். கையால் சுற்றுகிற நல்ல கிரைண்டர்கூட ஆயிரம் மடங்கு மேல்.

அளவு: 18 கிராம் தூள் போட்டால் 36 கிராம் காபி, 25 முதல் 30 நொடிக்குள். உங்கள் பாஸ்கெட் சின்னதாக இருந்தால் 14 கிராமுக்கு 28. பத்து நொடியில் கொட்டிப் புளித்தால் அரைப்பதை ஒரு படி பொடியாக்குங்கள். ஐம்பது நொடி ஆகிக் கசந்தால் ஒரு படி பருமனாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூளின் அளவையும் அரைப்பையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வறண்ட காற்று அடிக்கும். ஆனி, ஆடியில் ஈரக்காற்று. அதே கொட்டை, அதே அரைப்பு, ஆனாலும் நொடிக் கணக்கு மாறும். அது மெஷின் கோளாறு இல்லை.

காபி எடுத்து முடித்ததும் தட்டிக் கொட்டுகிற தூள் வில்லையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேற்பரப்பில் ஊசி குத்தியது போல ஓட்டையோ, ஓரத்தில் பள்ளமோ இருந்தால், தண்ணீர் அந்த வழியாகக் குறுக்கே ஓடியிருக்கிறது. மீதித் தூளைத் தொடவே இல்லை. மெல்லிய கம்பியால் தூளைக் கிளறிக் கட்டிகளை உடைத்து, மட்டமாக்கி, டேம்பரை நேராக வைத்து அழுத்துங்கள். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதைவிட, சாயாமல் அழுத்துகிறோமா என்பதுதான் முக்கியம். வில்லை சொதசொதவென்று இருக்கிறதே என்று பலர் கவலைப்படுகிறார்கள். காபி நன்றாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கொட்டையில் வறுத்த தேதி போட்டிருக்க வேண்டும். வறுத்து ஒரு வாரத்தில் இருந்து ஒரு மாதம் வரை நல்ல காலம். நம் மாவட்டத்திலேயே நெல்லியாம்பதியில் காபி விளைகிறது. வடக்கே வயநாட்டு ரோபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ரோபஸ்டா கலந்தால் மேல்நுரை தடிமனாக நிற்கும், பாலோடு சேர்ந்தாலும் சுவை அடங்கிப் போகாது. பால் காபி குடிக்கிற வீட்டுக்கு அது நல்ல தேர்வு.

கரண்ட்டையும் பார்க்க வேண்டும். கோடையில் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 230க்குப் பதில் 180 வந்தால் ஹீட்டரின் சக்தி 61 சதவீதமாகிவிடும், ஏனென்றால் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். விளக்கு எரிந்தாலும் மெஷின் போதிய சூட்டுக்கு வர நேரமாகும். காலையில் காபி நன்றாக இருந்து மாலையில் மட்டும் புளித்தால் இதைச் சந்தேகப்படுங்கள். எப்படியானாலும் மெஷினைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்து, கைப்பிடியை மாட்டியபடியே ஒருமுறை வெறும் தண்ணீர் ஓட்டிவிட்டுத்தான் காபி எடுக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்றிருக்கும் கைப்பிடி, வரும் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும்.

துபாய் மெஷின் என்பதால் பிளக் சதுர முள்ளாக இருக்கும். அதற்கு மலிவான அடாப்டர் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருந்தால் இன்றே மாற்றுங்கள். அடாப்டர் உருகி விபத்தாகும். எலெக்ட்ரீஷியனை வைத்து நம் ஊர் 16 ஆம்பியர் பிளக் போட்டுவிடுங்கள். துபாயிலும் 50 ஹெர்ட்ஸ்தான், அந்தக் கவலை இல்லை. சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்த மெஷின் என்றால் பின்பக்கத் தகட்டில் 50 என்றும் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெஷினைப் போட்டதும் வீட்டு டிரிப்பர் விழுகிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். பெரும்பாலும் ஹீட்டரில் இருந்து கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். அது நாம் கைவைக்கும் வேலை இல்லை.

ஓரத்தில் ஒழுகுவதற்கு ரப்பர் வாஷர்தான் முதல் காரணம். காபி எண்ணெயும் தூளும் ஏறி, சூட்டில் அது கெட்டியாகிவிடும். ஈரப் பிரஷ்ஷால் பள்ளத்தைச் சுற்றித் தேயுங்கள். பிறகும் ஒழுகினால், நகத்தால் வாஷரை அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் மாற்ற வேண்டியதுதான், விலையும் பெரிதில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் பாஸ்கெட் அடைப்பும் இருக்கலாம். போகிற வழி அடைபட்டால் தண்ணீர் ஓரத்தில்தான் வழி தேடும். முதலில் அடைப்பை எடுத்துவிட்டு, ஒழுக்கு நிற்கிறதா பாருங்கள். ஒரு எச்சரிக்கை: காபி வராமல் நின்றுபோனால் கைப்பிடியை உடனே திருப்பிக் கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தம் நிற்கும், கொதிக்கிற தூள் முகத்தில் அடிக்கும். மெஷினை அணைத்து, நீராவிக் குழாயை ஒரு பாத்திரத்துக்குள் திறந்துவிட்டு, நன்றாக ஆறிய பிறகு மெதுவாகத் திருப்புங்கள்.

நுரைக்கு: குழாய் நுனியில் பால் காய்ந்து துளை அடைத்திருக்கும். நுனியை வெந்நீரில் ஊற வைத்து ஊசியால் குத்துங்கள். ஒவ்வொரு முறையும் முடித்த உடனே ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியே விட்டால் இந்த அடைப்பே வராது. பால் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததாக, காய்ச்சி ஏடு எடுத்ததாக இருக்கட்டும். பாத்திரம் கைக்கு இளஞ்சூடாகும் வரைதான் காற்றை உள்ளே விட வேண்டும். பிறகு நுனியை இறக்கிச் சுழல விட்டு 60, 65 டிகிரியில் நிறுத்துங்கள். ஒற்றைக் கொதிகலன் மெஷினில் நீராவி முடித்த கையோடு காபி எடுத்தால் கருகிய வாசம் வரும். கொஞ்சம் தண்ணீரை ஓட்டிச் சூட்டை இறக்கிவிட்டு எடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், தொட்டி நிறைய தண்ணீர் இருந்து, இரண்டு வழியிலும் எதுவும் வராமல், பம்ப் ஓயாமல் கடகடத்தால், அல்லது சத்தமே இல்லாமல் இருந்தால், அப்போது பம்பை மாற்றலாம். பழைய பம்பின் மேல் அச்சடித்திருக்கும் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் மூன்றும் புதியதிலும் அப்படியே இருக்க வேண்டும். மாற்றுகிறவரிடம், மூடியைத் திறந்ததும் பம்பில் இருந்து கொதிகலனுக்குப் போகும் குழாயைக் கழற்றி, பழைய பம்பை ஒரு நொடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த முனையில் தண்ணீர் வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, அடைப்பு அதற்கு அப்பால்.